போஸ்மன் தொடுத்த வழக்கு

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. யானும் வகுப்பறையில் பெரும்பாலும் அவற்றைப் பற்றியே பேசியவன்தான். மாணவர்களே, இன்று நான் கூறப்போவது ஒரு கால்பந்து ஆட்டக்காரரின் வரலாறு. அவர் தம் நாட்டின் முதன்மைக் குழுவில் ஒருமுறையேனும் ஆடியவர் அல்லர். மைதானத்தின் நடுவே நின்று, எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து, முன்னால் நிற்பவருக்குக் கொடுப்பது அவருடைய வேலை. கோல் போட்டவரின் பெயரைப் பத்திரிகைகள் பெரிதாக அச்சிடும். பந்தைக் கொடுத்தவரின் பெயரை யார் நினைவில் வைக்கிறார்கள்?

அவர் பெயர் ஜான் மார்க் போஸ்மன். 1964ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் லியேஜ் நகரில் பிறந்தவர். அவ்வூரின் புகழ்பெற்ற ஸ்டாண்டர்டு கழகத்தில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கி, 1988இல் அதே நகரின் மற்றொரு கழகமான ஆர்.சி. லியேஜில் சேர்ந்தார். ஊக்கத் தொகைகளையும் சேர்த்து மாதம் சுமார் 1,20,000 பெல்ஜிய பிராங்கு ஊதியம் பெற்றார். ஒப்பந்தம் 1990 ஜூன் 30இல் முடிவதாக இருந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்க் கழகம் புதிய ஒப்பந்தம் ஒன்றை அவர் முன் வைத்தது. அதன்படி மாத ஊதியம் 30,000 பிராங்கு. பழைய ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கு. அக்கழகம் பெல்ஜியக் கோப்பையை வென்றதும் அதே ஆண்டில்தான்!

போஸ்மன் மறுத்துவிட்டார். ஒப்பந்தம் முடிந்தபின் வேறிடம் செல்வதில் என்ன தடை என்று நீங்கள் கேட்கலாம். தடை இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரரையும் புதிய கழகம் விலை கொடுத்தே பெற வேண்டும் என்பது அன்றைய விதி. ஆட்டக்காரரின் ஆண்டு வருமானத்தை, அவர் வயதுக்கேற்ப 2 முதல் 14 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்கி விலையைக் கணக்கிடுவர். போஸ்மனுக்கு வந்த விலை 1,17,43,000 பிராங்கு. கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் வகுத்துப் பாருங்கள். கழகம் அவருக்குத் தர முன்வந்த ஊதியத்தின்படி, அது 32 ஆண்டுச் சம்பளத்திற்கும் மேலாகும்! வாங்குவதற்கு யாரும் வரவில்லை.

பின்னர் பிரான்சு நாட்டின் டன்கர்க் கழகம் அவரை ஏற்க முன்வந்தது. 1940இல் நேச நாட்டுப் படைகள் கப்பலேறித் தப்பிய அதே துறைமுக நகர்தான். ஓராண்டுக்கு அவரைத் தற்காலிகமாக அனுப்ப 12,00,000 பிராங்கு என்று இரு கழகங்களும் உடன்பட்டன. ஆனால் மாற்றுச் சான்றிதழ் ஆகஸ்டு 2ஆம் நாளுக்குள் பிரான்சு சென்று சேர வேண்டும். நம் பள்ளிகளிலும் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழை எதிர்பார்த்து மாணவன் காத்து நிற்பதுண்டு. அதன் அருமை உங்களுக்குத் தெரியும். டன்கர்க்கால் பணம் கொடுக்க இயலுமா என்று ஐயுற்ற லியேஜ் கழகம், சான்றிதழை அனுப்பும்படி கேட்கவே இல்லை. ஒப்பந்தம் செயலற்றுப் போயிற்று. ஜூலை 31இல் கழகம் அவரை இடைநீக்கமும் செய்தது. ஆட்டக்காரர் எங்கும் ஆட இயலாதவரானார்.

ஆகஸ்டு 8ஆம் நாள் போஸ்மன் லியேஜ் நகர நீதிமன்றத்தின் படியேறினார்.

வழக்கு நடந்த காலத்தில் அவர் பட்ட பாடு சிறிதன்று. பிரான்சில் சேன் கென்டின் என்னும் இரண்டாம் பிரிவுக் கழகத்தில் ஒரு பருவம் ஆடினார். பிறகு இந்துமாக்கடலில் உள்ள ரியூனியன் தீவுக்குச் சென்றார். கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்ற தீவு அது. அங்கும் நிலைக்கவில்லை. 1993இல் பெல்ஜியத்தின் மூன்றாம் பிரிவில் சார்லராய் நகரக் கழகம் ஒன்றில் சேர்ந்தார். ஐரோப்பியக் கழகங்கள் அனைத்தும் அவரைப் புறக்கணித்தன என்று கருத வலுவான அறிகுறிகள் இருப்பதாக வழக்கை விசாரித்த நீதிமன்றமே குறிப்பிட்டது.

இறுதியில் வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திற்குச் சென்றது. உறுப்பு நாடுகளின் தொழிலாளர் எந்த நாட்டிற்கும் சென்று வேலை செய்யலாம் என்பது 1957ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கையின் 48ஆவது விதி. பந்து உதைப்பவரும் தொழிலாளர்தாமே என்றனர் போஸ்மனின் வழக்கறிஞர்கள். மாற்றுத் தொகை இல்லையேல் சிறிய கழகங்கள் அழியும், இளைஞரைப் பயிற்றுவிப்பார் இரார் என்று வாதிட்டன சங்கங்கள். இவ்வாதம் வெறும் சாக்கன்று. சிறிய பள்ளியை நடத்திய எனக்கு அதன் நியாயம் ஓரளவு விளங்குகிறது. நீதிமன்றமும் அந்நோக்கங்களை நியாயமானவை என்றே ஏற்றது. ஆயினும் அவ்விதி இருந்தபோதும் செல்வம் மிக்க கழகங்கள் சிறந்தவர்களை வாங்கியே வந்தன என்பதையும், அத்தொகைக்கும் உண்மையான பயிற்சிச் செலவுக்கும் தொடர்பில்லை என்பதையும் எடுத்துக்காட்டியது. 1995 டிசம்பர் 15இல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் வேறு உறுப்பு நாட்டிற்குச் செல்ல விலை கேட்கலாகாது. உறுப்பு நாட்டவரை அயல்நாட்டார் என்று எண்ணிக்கை வரையறுத்துத் தடுக்கவும் கூடாது.

மறு ஆண்டே ஆலந்தின் நடுக்கள வீரர் எட்கர் டேவிட்ஸ், அயாக்ஸ் கழகத்திலிருந்து இத்தாலியின் மிலானுக்கு மாற்றுத் தொகை ஏதுமின்றிச் சென்றார். 1999இல் ஸ்டீவ் மக்மனமன் லிவர்பூலிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்கு அவ்வாறே சென்றார். விலையாகப் போயிருக்க வேண்டிய பணத்தில் பெரும்பங்கு ஆட்டக்காரரின் ஊதியமாயிற்று.

தீர்ப்பு வந்தபோது போஸ்மனுக்கு வயது 31. வழக்கு தொடுத்து ஐந்து ஆண்டுகளும் நான்கு மாதங்களும் கழிந்திருந்தன. நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரின் கால்கள் நன்கு ஓடும் ஆண்டுகள் அவை. பெரிய கழகம் எதுவும் அவரை அழைக்கவில்லை.