தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் மொழியிழப்பு

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் வந்தது இதிலிருந்து தொடங்குகிறது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் வந்தனர். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். தமிழோ தெலுங்கோ பேசியவர்கள். இன்று அவர்களுடைய வழிவந்தோரில் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி ஆங்கிலமே.

தமிழ் பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மாற்றம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. பள்ளிகள் ஆங்கிலவழியில் நடந்தன. தமிழ் மட்டும் தெரிந்து பள்ளிக்குப் போன மூத்த பிள்ளை ஆங்கிலத்தோடு திரும்பி, தம்பி தங்கைகளிடம் அதிலேயே பேசியது. கடைக்குட்டிக்குத் தமிழ் என்பது பாட்டி பேசும் மொழி. கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அந்தக் கடைக்குட்டி பெற்றோரானபோது பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தமிழ் இல்லை. வேலைக்கு ஆங்கிலம் தேவைப்பட்ட நாட்டில் பெற்றோரைக் குறைசொல்வது எளிதன்று.

1950ஆம் ஆண்டின் இனவாரி வாழிடச் சட்டம் இதை விரைவுபடுத்தியது. பழைய குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் சாட்ஸ்வர்த் போன்ற இடங்களின் சிறு வீடுகளுக்குப் போக, கூட்டுக்குடும்பங்கள் சிதறின. பாட்டியும் பேரனும் வேறு வேறு வீடுகளில் இருந்தனர்.

தமிழ்ச் சங்கங்கள் மாலை வகுப்புகள் நடத்தின. வழிபாடு தொடர்ந்தது, காவடித் திருவிழாவில் பக்திப் பாடல்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவோர் உண்டு. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குடும்பப் பெயர்களும் நிலைத்துள்ளன: கவுண்டர் 'கோவெண்டர்' ஆகவும், முதலி 'மூட்லி' ஆகவும்.