27 வருடம் தாமதமாக ஒரு பதில்



1997 மே மாதம் நியூயார்க்கில், ஐபிஎம்மின் டீப் புளூ கணினி உலகச் சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்றது. ஜூனில் பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "மெஷின் எப்படி சார் ஜெயிச்சுது?" என்று கேட்டான். "வேகமா கணக்குப் போடும்ப்பா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். அது அரைகுறைப் பதில் என்பது, ஓய்வுக்குப் பிறகு இந்த வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கே புரிந்தது.

1950-இல் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன், கணினியைச் செஸ் ஆட வைப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு நிலையில் சுமார் 30 நகர்வுகள் சாத்தியம். நாம் ஒன்று, எதிராளி ஒன்று என்று பார்த்தாலே ஏறக்குறைய ஆயிரம் வழிகள். ஆளுக்கு மூன்று நகர்வு என்றால் 100 கோடி! ஆகவே எங்கேயாவது கணக்கை நிறுத்தியே ஆகவேண்டும்.

எங்கே நிறுத்துவது? அதில்தான் சிக்கல். ராணியால் ஒரு சிப்பாயை வெட்டியதோடு கணக்கு நின்றால், கணினிக்கு அது லாபம். அடுத்த நகர்வில் ராணியே வெட்டுப்படும் என்பது அதற்குத் தெரியாது. அதனால் வெட்டுகள் ஓயும்வரை தொடர்ந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்படியும் ஒரு கோளாறு மிஞ்சியது. அதை 1973-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் விளக்கியவர் ஹான்ஸ் பெர்லினர். அஞ்சல்வழிச் செஸ்ஸில் உலகச் சாம்பியனாக இருந்தவர். யானை பறிபோவது உறுதி என்றால், கணினி ஒரு சிப்பாயை வீணாகக் கொடுக்கும், பிறகு இன்னொன்று. எதிராளி அவற்றை வெட்டிக்கொண்டிருக்க, யானையின் இழப்பு கணக்கின் எல்லைக்கு அப்பால் போய்விடும். கண்ணில் படாததால் ஆபத்து தீர்ந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். இதற்குத் 'தொடுவான விளைவு' என்று பெயர். வட்டி கட்டப் புதுக்கடன் வாங்குகிறவர் கதைதான்.

இதற்குக் கண்ட மருந்துகளில் ஒன்று, எல்லா வழிகளையும் ஒரே ஆழத்துக்குப் பார்க்காமல் முக்கியமான இடத்தில் மட்டும் நீட்டிப் பார்ப்பது. ராஜாவுக்குச் செக் வந்தால் ஒரு படி கூடுதல். செக்குக்குப் பதில் நகர்வுகள் சிலவே என்பதால் செலவும் குறைவு. கண்ட இடத்திலெல்லாம் நீட்டினால் கணக்கு பெருகி நேரம் தீர்ந்துவிடும்.

1988 வாக்கில் அதே பல்கலைக்கழகத்தில் தாமஸ் அனந்தராமன், மரே கேம்பல், ஃபெங்-சியுங் சூ மூவரும் ஒரு புது விதி சேர்த்தார்கள். ஒரே ஒரு நகர்வு மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட மிக நன்றாகத் தெரிந்தால், ஆட்டம் அதை நம்பித்தான் நிற்கிறது. எனவே அந்த வழியை இன்னும் ஆழமாகச் சோதி. இதுதான் 'சிங்குலர் எக்ஸ்டென்ஷன்'. இவர்களின் டீப் தாட் கணினி அந்த ஆண்டே ஒரு போட்டியில் கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனைத் தோற்கடித்தது. அதன் வாரிசுதான் டீப் புளூ. நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்த அந்த இயந்திரத்துக்கும் வேகம் மட்டும் போதவில்லை. இந்த நீட்டிப்புகளும் தேவைப்பட்டன. இன்றைய ஸ்டாக்ஃபிஷிலும் இந்த விதி இருக்கிறது.

தம்பி, இதுதான் நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில். எங்கே கூடுதலாக நின்று பார்க்கவேண்டும் என்று இயந்திரத்துக்கே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். உன் கேள்விக்கு முன்னால் இந்த வாத்தியார் ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை. எங்கிருந்தாவது இதைப் படித்தால் ஒரு வரி எழுது. நீ வேறு என்னவெல்லாம் கேட்க நினைத்தாய் என்று தெரிந்துகொள்ள ஆசை.