இந்திய ஆய்வியல் துறையில் தமிழ்: பாடமொழித் தெரிவின் வரலாறு

சிறப்புப் பட்டப் படிப்பில் எவை கட்டாயப் பாடங்கள் என்பதைப் பேராசிரியர் குழுவே முடிவு செய்வது மரபு. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய காலத்தில் அம்முடிவில் தோட்டத் தொழிலாளரும் பங்கு கொண்டனர். 1956இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறைக்கு எம்மொழி முதன்மையாதல் வேண்டும் என்ற வினா முன்னரே எழுந்திருந்தது. ஆலோசனை கூற அழைக்கப்பெற்ற வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் சமஸ்கிருதத்தைப் பரிந்துரைத்தார். பண்டைய இந்திய வரலாற்றாய்வுக்கு அம்மொழி இன்றியமையாதது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் மலாயா இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழர். அவர்தம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் கற்ற மொழி பல்கலைக்கழகத்தில் பின்தள்ளப்படுவதை அவர்கள் ஏற்கவில்லை. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' எனும் நிதியைத் திரட்டினார். குறைந்த கூலி பெற்றோரும் அதற்கு ஈந்தனர். அந்நிதி பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்களாக மாறியது. நூல்கள் இல்லையேல் பட்டப் படிப்பு பெயரளவில் நின்றுவிடும். ஆதலின் கண்டனக் குரல்களினும் இந்நூல் திரட்டையே நாம் பெரிதாக மதிக்கிறோம். தமிழே துறையின் முதன்மை மொழியாயிற்று. பின்னர் கோலாலம்பூரில் அத்துறைக்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகளார், 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை அங்கேயே கூட்டினார். சமஸ்கிருதம் முதன்மை பெற்றிருப்பின் அம்மாநாட்டிற்கு அவர் வேறோர் ஊரைத் தேட நேர்ந்திருக்கும்.