சாமி காசு

என் அப்பத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு மஞ்சள் துணி முடிப்பு இருந்தது. பால் விற்ற காசு, கோழிமுட்டை விற்ற காசு, அறுப்புக் காலத்தில் களத்தில் சிந்திய நெல்லைக் கூட்டிப் புடைத்து விற்ற காசு எல்லாம் அதற்குள்தான் போகும். தாத்தா, அடுப்படியில் பருப்புப் பானைக்குள் கைவிட்டுக் காசு தேடி எடுத்துக்கொண்டு போகிற ஆள். அவர்கூட அந்த முடிப்பைத் தொட்டதில்லை. ஏனென்றால் அது சாமி காசு. ராமேஸ்வரத்துக்கு நேர்ந்து முடிந்தது.

மானாமதுரைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ராமேஸ்வரம் போகும் ரயிலின் சத்தம் ராத்திரியில் வீடுவரை கேட்கும். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க அப்பத்தாவுக்கு 60 வயது ஆகவேண்டியிருந்தது.

பயணத்துக்காகப் பெண்கள் காசு சேர்த்த கதையைத் தேடிப் போனால் ஏடுகளில் அதிகம் கிடைப்பதில்லை. பயணம் போன ஆண்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்ட ஏனுகுல வீராசாமி, ஏறத்தாழ நூறு பேர் கொண்ட பரிவாரத்தோடு பதினைந்து மாதம் சுற்றிவந்து, கண்டதையெல்லாம் தெலுங்கில் குறித்துவைத்தார். அந்தப் பரிவாரத்தில் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் என்ன கண்டார்கள் என்பது நம் கைக்கு வரவில்லை.

இலக்கியத்தில் தேடினால் சிலப்பதிகாரம் இருக்கிறது. புகாரிலிருந்து மதுரைக்குப் போன அந்த நீண்ட நடைக்கு முதல் எங்கிருந்து வந்தது? கண்ணகியின் காலிலிருந்து. பொருளெல்லாம் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் கோவலனிடம், என் சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் அவள். அதை முதலாக வைத்து இழந்ததை மீட்கலாம், மதுரைக்குப் போவோம் என்று முடிவெடுப்பவன் அவன். விடிவதற்கு முன்பே கிளம்புகிறார்கள். காசு அவளுடையது, வழி அவனுடையது. இந்தக் காப்பியத்தைப் பாடம் நடத்தும்போது கற்பையும் ஊழையும் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்தக் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

பெண்கள் சேர்த்த காசுக்குத் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: சிறுவாடு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது, ஆடு கோழி வளர்த்துச் சேர்த்தது, பிறந்த வீட்டிலிருந்து வந்தபோது கையில் திணிக்கப்பட்டது எல்லாம் அதில் அடங்கும். அஞ்சறைப் பெட்டி, அரிசிப் பானை, சுருக்குப்பை, முந்தானை முடிச்சு என்று அதற்கு இடங்கள் பல. இத்தனை இடங்களும் ஒளித்துவைக்கும் இடங்கள். தன்னுடைய காசை ஒருத்தி ஏன் ஒளிக்க வேண்டும்?

சட்டத்தின் கண்ணில் அது அவளுடையதாக இல்லை என்பதுதான் விடை. சீதனம் பெண்ணின் சொத்து என்று சொன்ன தரும சாத்திரங்களே அதற்குள் ஓர் ஓட்டையும் வைத்தன. கைத்தொழிலால் அவள் ஈட்டியதும், உறவல்லாத பிறர் அன்பாகக் கொடுத்ததும் கணவனின் ஆளுகைக்கு உட்பட்டவை என்கிறது காத்தியாயனர் பெயரில் வழங்கும் நெறி. ஆங்கிலேயர் காலத்தில், 1874-ல், மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுடைய தனிச் சொத்து என்று ஒரு சட்டம் வந்தது. திருமணத்தின்போது இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமண மதத்தவராக இருந்த பெண்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். முஸ்லிம் பெண்களுக்காவது அவர்களுடைய மதச் சட்டத்தில் தனிச் சொத்துரிமை இருந்தது. இந்துப் பெண் தன் கையில் இருப்பதற்கு முழு உரிமையாளர் ஆனது 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ம் பிரிவால்தான். அப்பத்தாவுக்கு அப்போதே முப்பது வயது இருக்கும். அப்படியொரு சட்டம் வந்தது அவளுக்குத் தெரியாது. தாத்தாவுக்கும் தெரியாது.

சட்டம் கொடுக்காத உரிமையை மஞ்சள் துணி கொடுத்தது என்று நினைக்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சல், மாட்டுக்குச் சீக்கு என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி ஒரு ரூபாயை முடிந்துவைத்துவிட்டால் அது சாமியுடையதாகிவிடுகிறது. அதை எடுக்கக் கணவனுக்குக் கை வராது, கொழுந்தனுக்கும் வராது. வங்கிப் பெட்டகம் போல அது வேலை செய்தது. சாவி சாமியின் பெயரில், பெட்டி அவள் கையில். இன்னொரு வசதியும் உண்டு. நேர்த்திக்கடனை மணியார்டரில் அனுப்பிவிட்டால் மனம் ஆறுவதில்லை. நேரில் போய்ச் செலுத்த வேண்டும். ஆக, அந்த முடிப்பில் காசும் இருந்தது, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கான அனுமதியும் இருந்தது. பழனிக்கும் சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் பெண்கள் கூட்டங்கூட்டமாகப் போனதில் பக்தி இருந்தது. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பக்தி என்ற ஒரு வாசல் மட்டுமே திறந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சிறுகச் சேர்த்த காசு நெடுந்தூரத்தை வாங்கத் தொடங்கியது ரயில் வந்த பிறகு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. அதுவரை படகேறித்தான் ராமேஸ்வரம் தீவுக்குப் போக முடியும். மூன்றாம் வகுப்பு மலிவு, ஆனால் பெரும் நெரிசல். 1917-ல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் 13 ரூபாய் 9 அணா கொடுத்து வந்த காந்தி, அந்தப் பெட்டியின் அழுக்கையும் நெரிசலையும் விரிவாக எழுதினார். பெண்களுக்கு அந்த நெரிசல் வெறும் அசௌகரியம் மட்டும் அல்ல என்பது நமக்குத் தெரியும்.

1890-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 64-ம் பிரிவை முதன்முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும், இருப்பதிலேயே கீழான வகுப்பில் ஒரு பெட்டிப் பிரிவையாவது பெண்களுக்கென்றே ஒதுக்க வேண்டும்; ரயில் 50 மைலுக்கு மேல் ஓடினால் அதில் கழிப்பறை இருக்க வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் எப்படி இருந்திருக்கும் என்பது வேறு. மூன்றாம் வகுப்புச் சீட்டுக்கு மட்டும் காசு வைத்திருக்கும் பெண்ணும் பயணம் போவாள், அவளுக்கும் சிறுநீர் வரும் என்பதைச் சட்டம் ஒரு தடவை எழுத்தில் ஒப்புக்கொண்டது.

எல்லாப் பெண்களுக்கும் முடிந்துவைக்கக் காசு இருந்ததா? எங்கள் ஊர்ச் சேரிப் பெண்களுக்கு வெகுகாலம் கூலி நெல்லாகத்தான் கிடைத்தது. நெல்லை முந்தானையில் முடிந்து ரயில் ஏற முடியாது. ஏறிப் போனாலும் கோயில் திறந்திருக்கவில்லை. 1939 ஜூலை 8 அன்றுதான் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைந்தார்கள். அதற்குப் பின்னும் பல கோயில்களின் கதவுகள் மெதுவாகவே திறந்தன. சாமி காசு என்ற உபாயம் எந்தப் பெண்களுக்குப் பயன்பட்டது, எந்தப் பெண்களுக்குப் பயன்படவில்லை என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான். அப்பத்தாவைப் பற்றிப் பெருமையாக எழுதும்போது இதையும் நான் எழுத வேண்டும்.

அப்பத்தா போனது 1987-ல். தெருவில் ஒன்பது பெண்கள் சேர்ந்து ஒரு சீட்டுப் போட்டார்கள். ஆளுக்கு மாதம் 2 ரூபாய். பதினைந்து மாதத்தில் 270 ரூபாய் சேர்ந்தது. சீட்டுக் காசு யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் நெடுநேரம் பேசினார்களாம். கடைசியில், கணவன் இல்லாத ஒருத்தி வீட்டில் வைத்தார்கள். அந்த வீட்டில்தான் கேட்க ஆள் இல்லை.

ஒன்பது பெண்கள் தனியாகப் போவதா என்று ஊரில் கேள்வி வந்தது. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். நாற்று நட்டவர்கள், பிள்ளை பெற்றவர்கள், பிணத்தைக் குளிப்பாட்டியவர்கள். ஆனாலும் ஆண்துணை வேண்டும். பதினொரு வயதான என் அண்ணனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது பெண்களுக்குக் காவல், ஓர் அரை டிக்கெட். அந்த அரை டிக்கெட்டும் பெண்களின் சீட்டுக் காசில்தான் எடுத்தது. அண்ணனுக்குத் துணையாக எட்டு வயது நானும் போனேன். புளிச்சோற்றைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டோம். தங்கக் காசில்லை. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும்.

அப்போது பாம்பனில் சாலைப் பாலம் கிடையாது. அது அடுத்த ஆண்டுதான் திறந்தது. ரயில் பாலத்தில் ஏறியதும் வேகம் குறைந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த ஒன்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்பத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். கோயிலில் 22 தீர்த்தங்களிலும் குளித்து, சாமி பார்த்து, முடிப்பை அவிழ்த்து உண்டியலில் போட்டோம். மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போக, அவள் என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் கடற்கரைக்கு வந்து உட்கார்ந்தாள். சாமி பார்த்தாச்சே, இங்க எதுக்கு வந்தோம் என்று கேட்டேன்.

"கடலப் பாக்கணும்னு சொன்னா விடுவாகளா? அதான் சாமியப் பாக்கணும்னு சொன்னேன்" என்றாள்.

அதற்குப் பின் காலம் கொஞ்சம் நகர்ந்தது. 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. ஒளித்துவைத்த காசு, பெண்ணின் கையெழுத்தோடு வங்கிக்குள் போனது. ஆனால் குழுவில் கடன் கேட்கும்போது மாடு வாங்க, மகன் படிப்புக்கு, மகள் கல்யாணத்துக்கு என்றுதான் காரணம் சொல்ல முடிந்தது. ஊர் பார்க்க என்று எழுத அந்த விண்ணப்பத்தில் இடமில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, எத்தனையோ வீடுகளில் சிறுவாடு வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டரை லட்சம் ரூபாய் வரை இல்லத்தரசிகள் கணக்கில் கட்டினால் விசாரிக்க மாட்டோம் என்றது அரசு. வீட்டில் நடந்த விசாரணைக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை. இவ்வளவு காசு எதற்கு, எப்போதிருந்து, யாருக்காக என்ற கேள்விகளுக்கு நடுவே பல பெண்கள் தங்கள் சேமிப்பைக் கணவன் கையிலோ மகன் கையிலோ கொடுத்தார்கள்.

2021 மே மாதத்தில் தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. அன்று முதல் 'ஓசி' என்ற கேலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2023 ஜூனில் கர்நாடகத்தில் நெடுந்தூர அரசுப் பேருந்துகளிலும் இந்தச் சலுகை வந்தபோது பெண்கள் கூட்டமாகக் கோயில்களுக்குக் கிளம்பினார்கள். வேலை வெட்டியில்லாமல் ஊர் சுற்றுகிறார்கள் என்ற பேச்சு உடனே எழுந்தது. எங்கள் தெருவில் 1987-ல் எழுந்த அதே கேள்விதான். டிக்கெட் விலை பூஜ்யம் ஆன பிறகும் அனுமதியின் விலை அப்படியே இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு மாணவியிடம், பேருந்தில் மிச்சமாகும் காசை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். தோழிகள் நால்வர் சேர்ந்து மாதம் 300 ரூபாய் போடுவதாகவும், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஊட்டிக்குப் போகப்போவதாகவும் சொன்னாள். வீட்டில் என்ன சொல்வாய் என்றேன். "கல்லூரியில் கூட்டிட்டுப் போறாங்கன்னு சொல்லிடுவேன் மேடம்" என்று சிரித்தாள். சாமியின் இடத்துக்குக் கல்லூரி வந்திருக்கிறது. நானும் சிரித்தேன். பிறகு அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்லிப் போவதும் போவதுதான். ஆனால் அவர்கள் கணக்கு எழுதும் நோட்டில், காசுக்கு எதிரே காரணத்தை உள்ளபடியே எழுதிவைக்கச் சொன்னேன். ஊட்டி, மலை பார்க்க. ஒன்பது பெண்களின் சீட்டுக்கு எழுதப்பட்ட கணக்கு எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தாலும் அதில் ராமேஸ்வரம் கோயில் என்றுதான் இருந்திருக்கும். கடல் என்று இருந்திருக்காது.