மழைக்கு முன்பே பாடியவர்

டப்ளின் என்றதும் அயர்லாந்தா என்று கேட்பார்கள். இல்லை, நான் பேசுவது கலிபோர்னியாவில் இருக்கும் டப்ளினிலிருந்து. இங்கே இரவு, ஊரிலிருந்து நேரலையில் பார்ப்பவர்களுக்குக் காலை வணக்கம்.

நான் தமிழ் இலக்கியம் முறையாகப் படித்தவள் அல்ல. நர்சிங் டிப்ளமோ முடித்தவள். ஆஸ்பத்திரியில் ஒரு காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வலியில் அழுபவரிடம், பார்க்க வந்தவர் "அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்பார். ஒருமுறை அதைக் கேட்ட ஒரு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் விசுவாசிதான். கஷ்டத்தில் துதிக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். ஆனாலும் அந்த அம்மாவின் முதுகு என்னை உறுத்தியது. நாம் சொல்வதில் எங்கே தவறு?

அதை யோசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் பிறந்தவர், கத்தோலிக்கர், மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது என்று பள்ளியில் படித்திருப்போம். அதற்கு முந்தைய ஆண்டு அவர் வெளியிட்ட நூல்தான் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருஷம். நம் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொன்னது அதைத்தான். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். ரயிலில் தானியம் வந்தது. விலை ஏறிக் கிடந்ததால் ஏழைகளிடம் வாங்கக் காசில்லை. 1877 ஜனவரியில் டில்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் ஆடம்பரமாக நடந்தது. நிவாரண வேலை செய்த ஆணுக்குச் சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்த நாள்கூலி, ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்று வாதாடினார். நர்ஸ் என்பதால் அந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

இப்படிப்பட்ட நாட்களில்தான் வேதநாயகம் பிள்ளை கடவுளைப் பாடுகிறார். எப்படிப் பாடுகிறார்? எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பாடவில்லை. பஞ்சத்தைப் பஞ்சம் என்றே சொல்லி முறையிடுகிறார். முறையிடும்போதே, போக்கிடம் கடவுள் ஒருவரே என்றும் பாடுகிறார். எந்த மதத்தாரும் பாடக்கூடிய கீர்த்தனைகள் அவை. பசிக்கு மதமில்லை என்று தெரிந்தவர்.

வேதாகமத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியும் இதையே செய்கிறார். அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் என்று இல்லாததை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். அந்தக் கணக்கைத் தாண்டிக் குதிப்பதில்லை. நாமோ பல நேரம் முதல் பாதியை விட்டுவிட்டுக் கடைசி வரியை மட்டும் நோயாளியிடம் கேட்கிறோம்.

இன்னொன்று. வேதநாயகம் பிள்ளை பாடியதோடு நிற்கவில்லை. கைப்பொருளைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைக் கண்ணால் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். நந்தனார் சரித்திரத்தைப் பாடிய சைவர், ஒரு கிறிஸ்தவரைப் பாடுகிறார்! பசித்தவர்களைப் பார்த்து "நீங்கள் துதியுங்கள்" என்று வேதநாயகம் பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தானே பாடினார், கஞ்சியும் ஊற்றினார்.

எனக்குக் கிடைத்த விடை இதுதான். விடுதலை வருமுன் துதிப்பது, துன்பப்படுகிறவர் தானாக எடுக்கும் முடிவு. பக்கத்தில் நிற்கிறவர் அதைக் கட்டளையாகப் போட முடியாது. நம் பங்கு கஞ்சிப் பானையைப் பார்த்துக்கொள்வது.

அன்று அந்த அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு வலி மருந்துக்கு ஏற்பாடு செய்தேன். தலையணையைச் சரிசெய்தேன், உதட்டை நனைத்துவிட்டேன். விடியற்காலையில் போனபோது மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். வலி அப்போதும் முழுதாக விட்டிருக்கவில்லை.