போக்கர் மேசையும் திண்ணை ஏலமும்

எங்கள் ஊரான விளாத்திகுளத்தில் போக்கர் மேசை கிடையாது. சட்டப்படி மேசை போட்டு ஆட வேண்டுமென்றால் கோவா ஆற்றில் மிதக்கும் கப்பல் போன்ற தொலைவிடங்களுக்குப் போயாக வேண்டும். ஏலச்சீட்டு அப்படியல்ல, அது நடக்காத தெருவைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். முதலாவதைச் சூது என்று சொல்லி வீட்டு வாசலிலேயே நிறுத்துவோம். இரண்டாவதைச் சேமிப்பு என்று சொல்லி மகளின் கம்மலுக்கு நம்புவோம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு பெண் இரண்டு இடத்திலும் பயன்படுத்தும் புத்தி ஒன்றுதான் என்பதும், அதை எதிரெதிர்த் திசையில் பயன்படுத்துகிறாள் என்பதும் தெரியவரும்.

போக்கர் பக்கத்துக்கு மரியா கொன்னிகோவாவை எடுத்துக்கொள்கிறேன். உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற எழுத்தாளர் அவர். ஒரு சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டு என்றுகூடத் தெரியாமல், எரிக் சைடல் என்ற பழுத்த ஆட்டக்காரரிடம் போய்க் கற்றுக்கொடுக்கக் கேட்டார். நியூயார்க்கில் இணையத்தில் காசு வைத்து ஆடச் சட்டம் இடம் தராததால் ஆற்றைக் கடந்து நியூஜெர்சிக்குப் போய் ஆடினார். பிறகு லாஸ் வேகஸில் அன்றாடம் நடக்கும் சின்னப் போட்டிகளில் தோற்றுத் தோற்றுப் பழகினார். 2018 ஜனவரியில் பஹாமாஸில் ஒரு போட்டியை வென்று 84,600 டாலர் பெற்றார். 2020-இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார். திண்ணைப் பக்கத்தில் இருப்பவருக்குப் பெயர் வேண்டாம். மாதம் ஒருநாள் சாயங்காலம், சீட்டு நடத்தும் அக்கா வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் எந்தப் பெண்ணும் அவர்தான்.

போக்கரில் மறைந்திருப்பது இரண்டு சீட்டு. ஏலத்தில் மறைந்திருப்பது தேவை. கையில் நல்ல சீட்டு உள்ளவள் அதைக் காட்டிக்கொண்டால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள், காசு வராது. பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவள் அதைக் காட்டிக்கொண்டால் மற்றவர்கள் தள்ளை, அதாவது சீட்டை முன்னால் எடுக்க அவள் விட்டுக்கொடுக்க வேண்டிய தொகையை, ஏற்றிவிடுவார்கள், காசு போய்விடும். ஒருத்தி பலத்தை ஒளிக்கிறாள். மற்றவள் பலவீனத்தை ஒளிக்கிறாள். ஒளிக்கும் வித்தையில் பேதம் இல்லை.

கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அக்கா நோட்டைப் பிரித்து, வந்தவர்கள் பெயருக்கு நேரே கோடு போடுகிறார். யாரோ ஒருத்தி ஐயாயிரம் என்று தொடங்கிவைக்கிறாள். தேவை உள்ளவள் முதலில் வாய் திறப்பதே இல்லை. பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடுகிறாள், தண்ணீர் வரவில்லை என்று பக்கத்தில் இருப்பவளிடம் குறைப்படுகிறாள், ஏழு, எட்டு, பத்து என்று அது தானாக ஏறட்டும் என்று விடுகிறாள். மூச்சு வாங்கிப் பேச்சு நின்ற இடத்தில்தான் “பதினொண்ணு மதினி” என்று, ஏதோ போகிறபோக்கில் சொல்வதுபோல் சொல்கிறாள். ஆட்டத்தில் பின்னால் பேசுகிறவருக்கே சாதகம் அதிகம் என்பது போக்கரின் முதல் பாடங்களில் ஒன்று. கொன்னிகோவா அதைச் சம்பளமில்லாத ஆசிரியரிடமும், சம்பளம் பிடுங்கும் எதிராளிகளிடமும் கற்றார். இவளுக்கு அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்திருந்தபோதே பாடம் ஆகியிருக்கும்.

இனி ப்ளஃப். போக்கரில் ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு பெரிதாகப் பந்தயம் கட்டுவது. ஏலத்தில், பணமே தேவைப்படாதவள் தள்ளிலிருந்து தன் பங்காக வரும் கசர் கூடட்டும் என்பதற்காக ஏற்றிவிடுவது. இரண்டிலும் ஆபத்து உண்டு, ஆனால் எதிரெதிரானது: எதிரில் இருப்பவர் விலகாமல் இருந்தால் முன்னவள் மாட்டுவாள்; விலகிவிட்டால் பின்னவள் மாட்டுவாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் திண்ணைதான் துணிச்சலான மேசை என்று தோன்றுகிறது. போக்கரில் நடுவில் ஆயிரம் கிடக்கிறது, நான் ஐந்நூறு கட்டி ஏய்க்கிறேன் என்றால், மூன்று முறைக்கு ஒருமுறை எதிராளி பயந்து விலகினாலே எனக்கு நஷ்டமில்லை. ஏலத்தில் இருபது பேர், ஆளுக்கு ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று வைப்போம். ஒருத்தி 24,000 தள்ளி எடுத்தால் அவள் கைக்கு 76,000. தள்ளில் நடத்துபவருக்கு 5,000 போக மீதி 19,000, இருபதாகப் பிரிந்து ஆளுக்கு 950 கசர். அதாவது தள்ளு ஆயிரம் ஏறினால் ஏற்றிவிட்டவளுக்குக் கிடைப்பது வெறும் 50 ரூபாய். அந்த ஐம்பதுக்காக, வேண்டாத சீட்டு இருபத்துநாலாயிரம் தள்ளோடு தன் தலையில் விழும் அபாயத்தை அவள் எடுக்கிறாள்! போக்கர் நூல்கள் எதுவும் இந்தப் பேரத்தைப் பரிந்துரைக்காது.

ஆனாலும் எடுக்கிறாள் என்றால், அவள் குருட்டாம்போக்கில் எடுக்கவில்லை என்றுதான் பொருள். எதிரில் இருப்பவளின் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசி விதைப்புக்கு யார் கையில் விதைக்காசு இல்லை, உளுந்தும் மிளகாயும் வீட்டுக்கு வந்த தை, மாசியில் யார் கை நிறைந்திருக்கிறது என்பதும் தெரியும். எதிராளியின் சீட்டில் பாதியைப் பார்த்துவிட்டு ஆடுவதற்குச் சமம் அது. கொன்னிகோவாவுக்கு அந்த வசதி இல்லை. முன்பின் தெரியாத எட்டுப் பேருடன் உட்கார்ந்து, அவர்களைப் பற்றிய அறிவை முதல் சுற்றிலிருந்து அவர் சேர்க்க வேண்டியிருந்தது.

சேர்க்கும்போது அவர் கைகளைப் பார்க்கக் கற்றார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. மைக்கேல் ஸ்லெபியன் என்ற உளவியலாளர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டக்காரர்களின் முகத்தை மட்டும் பார்த்து ஊகித்தவர்கள் தவறினார்கள்; காசுக்குப் பதில் வைக்கும் சிப்புகளைத் தள்ளும் கையை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். முகத்தைக் கட்டுப்படுத்த எல்லோரும் பழகிவிடுகிறோம், கையை மறந்துவிடுகிறோம். திண்ணையிலும் முகம் உதவாது. செல்போனில் கால்குலேட்டரைத் திறக்கும் விரல்தான் உண்மை பேசும்.

இதுவரை ஒற்றுமை. காலம் என்ற இடத்தில் இரண்டும் நேரெதிராகப் பிரிகின்றன. போக்கர் போட்டியில் பிளைண்டு எனும் கட்டாயப் பந்தயம் குறித்த நேரத்துக்கு ஒருமுறை உயர்ந்துகொண்டே போகும். நல்ல கை வரட்டும் என்று காத்திருப்பவளின் சிப்புகளை அதுவே தின்று தீர்த்துவிடும். ஏலத்தில் காத்திருப்பவளுக்கு மாதாமாதம் கசர் வரும். கடைசியில் எடுத்தால் நடத்துபவரின் பங்கு தவிர வேறு தள்ளு கிடையாது. மேசையில் பொறுமைக்கு அபராதம், திண்ணையில் பொறுமைக்குக் கூலி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொன்னிகோவாவின் ஆய்வு வழிகாட்டி வால்டர் மிஷெல். உடனே தின்றால் ஒரு மிட்டாய், பொறுத்திருந்தால் இரண்டு என்று குழந்தைகளைச் சோதித்துப் புகழ்பெற்றவர். பொறுத்திருப்பதன் பெருமையை அவரிடம் படித்தவர், பொறுத்தால் அழிவு என்ற ஆட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். மிஷெல் அந்தச் சோதனைக்கு அலைந்திருக்கவே வேண்டாம், எங்கள் ஊர்ச் சீட்டு நோட்டு ஒன்றைப் புரட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எந்த மாதம் யார் எடுத்தார் என்பது அதில் வரிசையாக இருக்கும். ஆனால் மூன்றாம் மாதமே எடுத்தவள் பொறுமையற்றவள் என்று முடிவுகட்டினால் தப்பு. அந்த மாதம் அவள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்திருக்கும்.

மேசையைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதிலும் இதே தலைகீழ். உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் நூற்றுக்கு ஐந்து பெண்கள்கூடத் தேறுவதில்லை. பெண் வந்து உட்கார்ந்தால், இவள் பயப்படுவாள், ஏய்க்க மாட்டாள் என்று ஆண்கள் எடுத்த எடுப்பில் முடிவு செய்கிறார்கள். 2016-இல் வெளிவந்த இணையப் போக்கர் ஆய்வொன்றில், மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் பெண்களாகக் காட்டப்பட்டபோது ஆட்டக்காரர்கள் சுமார் 6 சதவீதம் கூடுதலாக ஏய்த்தார்கள். அப்படிச் செய்வதாகப் பெரும்பாலோர் உணரவே இல்லை. கொன்னிகோவாவுக்கு அதைவிட உறுத்தியது வேறு. ஆண்கள் எடுத்த அந்த முடிவு தன் விஷயத்தில் சரியாகவே இருந்தது, யாரையும் பகைத்துக்கொள்ளாமல் நல்லபெயர் எடுக்கும் பழக்கம் மேசையிலும் தன்னை விலகவைத்தது என்று அவர் கண்டுகொண்டார்.

திண்ணையில் எல்லோரும் பெண்கள். அங்கே அதட்டிப் பேசத் தயங்குபவர்கள் குறைவு. ஆண் வந்தால் மனைவிக்குப் பதிலாகத்தான் வருகிறார், வந்த ஆளும் வாசல்படியிலேயே நின்றுகொள்கிறார். உலகப் போக்கர் தொடரிலும் பெண்களுக்கென்று ஒரு போட்டி 1977 முதல் நடக்கிறது. நெவாடா சட்டப்படி ஆண்களைத் தடுக்க முடியாது என்பதால், நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், பெண்களுக்கு 9,000 தள்ளுபடி என்று 2013-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாசல்படிக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

அதே தொடரில் 2018-இல் நிகிதா லூதர் பட்டம் வென்றவருக்குத் தரும் கைக்காப்பை வென்றார். இந்தியப் பெண்களில் முதலாமவர். அவர் வென்றது ஜோடிப் போட்டி. ஒரே சிப்புக் குவியலை இருவர் மாறிமாறி ஆட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து அரைச்சீட்டு போடுகிற அண்டை வீட்டுக்காரிகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்காது. எப்போது எடுப்பது என்பதில் வரும் சண்டை உட்பட.

சட்டமும் இரண்டையும் ஒரே தயக்கத்தோடு பார்த்துவந்திருக்கிறது. சீட்டாட்டத்தில் அது கேட்ட கேள்வி, திறமையா அதிர்ஷ்டமா என்பது. தமிழ்நாட்டின் 2022 இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் ஆராய்ந்த சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் அந்தக் கேள்வியையே ஓரங்கட்டிவிட்டு, காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடுத்தது. சேமிப்புச் சீட்டில் கோடு வேறிடத்தில் விழுந்தது. 1978-இன் சட்டம் பரிசுச் சீட்டுகளைத் தடை செய்தது. 1982-இன் சட்டம் ஏலச்சீட்டுக்கு விதி வகுத்து வாழவிட்டது. நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதமாக இருந்தது 2019 திருத்தத்தில் 7 ஆனது. போக்கர் அரங்குகளும் நுழைவுக் கட்டணத்தில் தம் பங்கை எடுத்துக்கொண்டுதான் மீதியைப் பரிசாக்குகின்றன. தெருச் சீட்டுகளில் பெரும்பாலானவை பதிவாளர் அலுவலகத்தின் பக்கம் போகாதவை என்பதையும் சொல்லியாக வேண்டும். சேமிப்பென்ற மரியாதை அந்தப் பெண்களின் பணத்துக்குக் காவல் நிற்காது.

போக்கரோடும் ஏலச்சீட்டோடும் சேர்த்துப் பார்க்க வேண்டிய பழைய ஏலம் ஒன்று விளாத்திகுளம் தாலுகாவிலேயே இருந்தது. வேம்பாரும் வைப்பாரும் பழைய முத்துக்குளித்துறைகள். சலாபம் எனும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து உண்டா என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்கும் அரசுக்கும் தெரியாது. முன்கூட்டி எடுத்த மாதிரிச் சிப்பிகளின் மதிப்பும், பக்கத்து வியாபாரியின் ஆர்வமும்தான் வழிகாட்டி. குளியாட்கள் தங்கள் பங்கைச் சில்லறையாகவும் விற்றதால், நாலு காசு வைத்திருந்தவரும் நாலு சிப்பி வாங்கிப் பார்க்க முடிந்தது. மறுகரையில் இலங்கைச் சலாபத்தை 1906-இல் ஒரு கம்பெனி 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆனால் 1907-க்குப் பிறகு அந்தக் கம்பெனிக்கு எடுக்கச் சிப்பியில்லை. தூத்துக்குடிப் பக்கம் கடைசிச் சலாபம் 1961-இல் முடிந்தது. போக்கர், ஏலச்சீட்டு, சிப்பி மூன்றிலும் விலை கொடுப்பது மூடியிருப்பதற்குத்தான். ஆனால் சிப்பிக்குத் தன்னை யார் பார்க்கிறார்கள் என்ற கவலை இல்லை. மற்ற இரண்டிலும் மூடியிருப்பது மனிதர்.

தோற்றவளின் கதி என்ன என்பதில்தான் எனக்குப் பெரிய வேறுபாடு தெரிகிறது. போக்கர் போட்டியில் சிப்புத் தீர்ந்தவள் எழுந்து போய்விடலாம்; கட்ட வேண்டியதை உட்காரும்முன்பே கட்டியாகிவிட்டது. ஏலத்தில் நாலாம் மாதம் எடுத்தவளுக்கு இன்னும் பதினாறு மாதம் கட்டுக்காசு இருக்கிறது. அவளுக்கு ஏலம் கேட்கும் உரிமை போய்விட்டது, அக்கறை போகவில்லை. தள்ளு ஏறினால் அவள் கட்டுவதும் குறையும் அல்லவா? ஆகவே ஆட்டத்தை விட்டு வெளியேறியவள்தான் அங்கே உரக்கப் பேசி மற்றவர்களை ஏற்றிவிடுகிறாள். அவள் கட்டாமல் ஊரைவிட்டுப் போனால் ஏலம் படுத்துவிடும் என்பதால் மற்றவர்களும் அவளை ஒதுக்க முடியாது. போக்கரில் பகைவர்கள் ஒருவரையொருவர் நம்பத் தேவையில்லை. இங்கே ஏமாற்றப் பார்க்கிறவளையே நம்பியும் ஆக வேண்டும்.

திண்ணையிலிருந்து ஒருத்தியைப் போக்கர் மேசைக்கு அனுப்பச் சொன்னால், இருபதாம் மாதம் எடுத்தவளை நான் அனுப்ப மாட்டேன். அவளுக்கு நெருக்கடி வரவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு, பதின்மூன்றாம் மாதத்தில், மற்றவர்கள் களைத்திருந்த ஒரு சாயங்காலம் குறைந்த தள்ளுக்கு எடுத்துக்கொண்டு போனாளே, அவளைத்தான் அனுப்புவேன். மேசையிலிருந்து ஒருத்தி திண்ணைக்கு வருவதாக இருந்தால், அவள் எத்தனை போட்டி வென்றவளாக இருந்தாலும் அக்கா முதலில் கேட்பது ஜாமீன் யார் என்றுதான்.