லயத்தாருக்குப் பொலிஸ் என்றால் ஏன் பயம்?

 

அண்மையில் எங்கள் பக்கம் சமூகப் பொலிஸ் குழுவுக்கு ஆள் சேர்க்கும் கூட்டம் ஒன்று நடந்தது. டவுன் ஆட்கள் உடனே பெயர் கொடுத்தார்கள். கடைசி வாங்கில் இருந்த தோட்டத்து அம்மா ஒருவர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "பேர் குடுத்தா நாளைக்கு நம்மளயே ஸ்டேசனுக்கு கூப்புடுவாங்களா சேர்?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வரலாறு படிப்பிக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள் துரையும் கங்காணியும்தான் சட்டம். துரை கூப்பிட்டால்தான் பொலிஸ் வரும். 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்ட முல்லோயா தோட்டத்துப் போராட்டத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணனும் பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று லயத்தில் பெரியவர்கள்.

மொழியும் ஒரு சுவர். தமிழ் 1987இல் அரசகரும மொழியானது. ஆனாலும் தமிழில் சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாதவரிடம் கையொப்பம் வாங்குவது இன்னும் முழுதாக நிற்கவில்லை. இருட்டான பாதைக்கு லைட் கேட்கலாம் என்றால், பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டமே இடம் கொடுக்கவில்லை. அதைத் திருத்தியது 2018இல்தான்.

நம் நாட்டில் விழிப்புக் குழு, சிவில் பாதுகாப்புக் குழு என்று பல பெயர்களில் குழுக்கள் வந்து போயின. பெயரும் அடையாள அட்டையும் கொடுத்தால் போதும் என்று நினைத்த இடத்தில் அவை நிலைக்கவில்லை. பயிற்சி இரண்டு பக்கத்துக்கும் வேண்டும்.

தொண்டர்களுக்கு முதல் பாடம் அதிகார எல்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, பாரதூரமான குற்றத்தில் கண்முன்னே அகப்பட்டவரைச் சாதாரண ஆளும் பிடிக்கலாம். ஆனால் தாமதிக்காமல் பொலிசில் ஒப்படைக்க வேண்டும். அடிக்கவோ, வீடு புகுந்து சோதிக்கவோ குழுவுக்கு உரிமை இல்லை. பழைய கோபத்தைத் தீர்க்கும் இடமும் அதுவல்ல.

இரண்டாவது பாடம் வதந்தி. 2018 மார்ச்சில் திகனயில் எங்கள் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, முகப்புத்தகத்தையே அரசாங்கம் சில நாட்கள் முடக்க வேண்டி வந்தது. மூன்று சமூகத்தாரும் இருக்கும் குழு ஒன்று ஊருக்கு ஊர் இருந்தால், "அது பொய்" என்று முதல் மணித்தியாலத்திலேயே சொல்லலாம்.

பொலிசாருக்கான பாடமும் இரண்டு. ஒன்று தமிழ். மற்றது, மேலே சொன்ன இந்த வரலாறு. லயத்தில் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனைப் பற்றிப் பக்கத்து வீட்டார் வாய் திறக்காதது ஏன் என்று அப்போதுதான் விளங்கும்.

அந்த அம்மா அன்று பெயர் கொடுக்கவில்லை. அவசரத்துக்கு 119, பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்று எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

அடுத்த கூட்டத்துக்கு நாமே லயத்துக்குப் போவோம், உறவுகளே. அவர்கள் இல்லாத குழு டவுனுக்கு மட்டும்தான் காவல்.